அரியமங்கலம் அடுப்படி

டோரதி குடியிருந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளுக்கென்று அடுப்பு கிடையாது. அது அண்ணன் வீடு, அண்ணியின் அடுப்படி. அண்ணி கெட்டவள் இல்லை. "நீ ஆபீஸ் போற பொண்ணு, உனக்கெதுக்கு இந்த வேலை" என்று சொல்லித் தட்டைப் போட்டுப் பரிமாறிவிடுவாள். அம்மா செத்து, பேசி வைத்திருந்த கல்யாணமும் தட்டிப்போய், வயது முப்பதைத் தாண்டிய பிறகு டோரதி அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாள். பகலில் மேலப்புதூர்ப் பக்கம் ஒரு சேவைச் சங்கத்தின் ஆபீஸில் டைப் அடித்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, கூடத்தில் அண்ணன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வரும்போது கடுகு வெடித்துவிட்டதா, கருவேப்பிலை போட்டாயிற்றா என்று காது அந்தப் பக்கமே இருக்கும். ஆனால் எழுந்து போகமாட்டாள்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசி முடிகிற சமயத்தில் திருச்சியில் பெருவெள்ளம் வந்தது. உய்யக்கொண்டானும் கோரையாறும் கரை மீறின. வாய்க்கால் ஓரத்துக் குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. சேவைச் சங்கம் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குச் சமைக்க ஏற்பாடு செய்தது. டைப் அடிக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று பார்க்காமல் எல்லாரையும் அனுப்பினார்கள். டோரதியும் போனாள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் செங்கல் அடுக்கி, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்திருந்தார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் துடுப்போடு நின்றவள் இருளாயி. நாற்பதை நெருங்கின வயது, குடிசை போய்விட்டது, கட்டியிருந்த சேலையையும் மூக்குத்தியையும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அவள் புருஷன் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். மார்க்கெட்டே தண்ணீரில் நின்றதால் அவனுக்கும் வேலையில்லை. அப்படி இருந்தும் அவள் முகத்தில் அழுத தடம் தெரியவில்லை. டோரதியைப் பார்த்ததும், இவள் யார் என்ன என்று கேட்காமல், வெங்காயச் சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள். டோரதி தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளம் வடிகிற வரைக்கும் அவள் அங்கேதான் இருந்தாள். கஞ்சி, சாம்பார் சாதம், மறுபடியும் கஞ்சி. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து நறுக்குவார்கள், பேசுவார்கள், சிலசமயம் ஒருத்தி அழுவாள், பக்கத்தில் இருக்கிறவள் கத்தியைக் கீழே வைக்காமலே ஆறுதல் சொல்லுவாள். அங்கே டோரதி விருந்தாளி இல்லை. எத்தனையோ வருஷமாக என்னவோ குறைகிறது என்று இருந்தவளுக்கு, குறைந்தது இதுதான் என்று அந்த வராந்தாவில்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. செங்கல்லைப் பிரித்த அன்றைக்கு இருளாயி சாம்பலை அள்ளிக்கொண்டே, இப்படிச் சேர்ந்து சமைக்கிற வேலை தினம் கிடைத்தால் வீட்டு வேலைக்கு நாலு வாசல் ஏறி இறங்க வேண்டாமே என்று சொன்னாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். டோரதி அதைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கத்தை நடத்தியவர் ஃபாதர் இன்னாசிராஜ். அவரிடம் போய் டோரதி பேசினாள். அரியமங்கலத்தில் பட்டறைகள் பெருகிவிட்டன, வெல்டிங்கும் லேத்துமாக நூற்றுக்கணக்கான ஆட்கள், மத்தியானத்துக்கு டீயும் பன்னும்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது, இந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை போட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும் என்று சொன்னாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி ஃபாதர் கேட்டதே இல்லை. கேட்டு முடித்துவிட்டு, டைப் மெஷினுக்கு வேறு ஆள் பார்க்கிறேன், நீயே இதை நடத்திக்கொடு என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். சங்கம் இரண்டு வருஷம் கூட நிற்கும். அதற்குப் பிறகு கடை அவர்களுடையது, சங்கத்து ஆள் ஒருத்தரும் அங்கே இருக்கக்கூடாது. அன்றைக்கு டோரதிக்கு அந்த இரண்டு வருஷம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

கடை என்று ஒன்று எழும்புவதற்குள் படாத பாடு பட்டார்கள். இடம் கொடுக்க ஆள் இல்லை, பொம்பளைகள் கடை நடத்தினால் ஆறு மாசத்தில் மூடிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த நஜிமுதீன் பாய் தன் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். அவருடைய ஆட்கள் மத்தியானம் சாப்பாடு தேடிப் போய் நேரத்துக்குத் திரும்புவதில்லை என்பது அவர் கவலை. பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். இருளாயி, கைக்குழந்தையோடு பாக்கியமேரி, ஓயாமல் பேசுகிற ராக்கம்மாள், இன்னும் வாய்க்கால் கரையிலிருந்து சிலபேர். டோரதி அவர்களைக் கூட்டிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போய், மொத்தமாக வாங்கினால் எப்படி, சில்லறையாக வாங்கினால் எப்படி என்று கடைகடையாக ஏறினாள். லைசென்ஸுக்கு மனு எழுதினாள். யார் எந்த வாரம் அடுப்பு, யார் பரிமாறுவது, யார் கல்லாவில் என்பதை அவர்களே பேசி முடிவு பண்ணட்டும் என்று உட்கார்ந்து, அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பொறுமையாகக் கேட்டாள்.

பொங்கல் கழித்துக் கடை திறந்தது. முதல் சில நாள் வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, யார் சமையல் என்று கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். டோரதி வாயைத் திறப்பதற்குள் இருளாயி முந்திக்கொண்டு, "நாங்கதான். உக்காந்து உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். சிலபேர் போய்விட்டார்கள். சிலபேர் உட்கார்ந்தார்கள். மாசி பிறப்பதற்குள் போனவர்களிலும் பாதிப்பேர் வந்து உட்கார்ந்தார்கள். பசிக்கு முன்னால் சூடான சாதத்தை வைத்தால் எவ்வளவு நாள்தான் முறுக்கிக்கொண்டு இருப்பது. பெயர்ப்பலகை வைக்காத அந்தக் கொட்டகைக்குப் 'பொம்பளைங்க மெஸ்' என்று பட்டறைக்காரர்களே பெயர் வைத்தார்கள்.

டோரதியின் வேலை கணக்குப் பார்ப்பதும் கூட்டம் நடத்துவதும்தான். அதற்கு வாரம் ஒரு தடவை போனால் போதும். அவள் தினமும் போனாள். பொன்மலையிலிருந்து காலையிலேயே கிளம்பி, பெண்கள் வருவதற்கு முன்னால் கொட்டகை வாசலில் நிற்பாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு காய் நறுக்குவாள். ஒருநாள் கத்திரிக்காய் மலிவாகக் கிடைத்தது என்று கூடை நிறைய வந்திறங்க, அவள் தன் அம்மா வைக்கிற மாதிரி கொத்சு வைத்தாள். கத்திரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் புளியும் விட்டுக் கொதிக்கவைப்பது. அம்மா போன பிறகு அவள் அதை வைத்ததே இல்லை, கை மறந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். மறக்கவில்லை. லேத் பட்டறைப் பையன்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காரணமில்லாமல் கண் நிறைந்து வழிய, பக்கத்தில் இருந்த அம்மாள் தலைவலியா என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. எண்பதாம் வருஷம் தை மாசத்தில் ஃபாதர் அவளைக் கூப்பிட்டு, எடமலைப்பட்டி புதூரில் சில பெண்கள் அப்பளம் போடக் கிளம்பியிருக்கிறார்கள், இனி நீ அங்கே போகவேண்டும் என்றார். அரியமங்கலம் நன்றாக நடக்கிறதே, அதுதானே நாம் ஆசைப்பட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

டோரதி வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். ஃபாதருக்குப் புரியவில்லை. வேலையை விட்டுவிட்டு மெஸ்ஸில் ஓர் ஆளாகச் சேர்ந்துகொள்கிறேன், சங்கத்து ஆளாக இருந்தால்தானே கூடாது, அவர்களைப் போல நானும் உழைத்துப் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "அத முடிவு பண்றது நான் இல்ல டோரதி. கடை அவங்களோடது. அவங்களக் கேளு" என்றார் ஃபாதர்.

அவள் கேட்டாள். சனிக்கிழமை, மத்தியானப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவின பிறகு எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டாள். பாக்கியமேரி முகம் மலர்ந்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இருளாயி அவள் தொடையில் கையை வைத்து அமர்த்தினாள். நாங்கள் பேசிச் சொல்கிறோம் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் டோரதிக்கு எதுவும் காதில் விழவில்லை. கொட்டகையின் மேற்கு மூலையில் இன்னொரு அடுப்பு போடலாம், சாயங்காலம் பணியாரம் சுட்டால் ஷிஃப்ட் மாறுகிற ஆட்கள் வாங்குவார்கள் என்று மனசு அங்கேயே ஓடியது. பட்டறைப் பக்கமே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடவேண்டும் என்றும் முடிவு பண்ணிவிட்டாள். எதற்கு மறுக்கப் போகிறார்கள், அவள் வைத்த கொத்சைத்தானே இன்றைக்கும் வைக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவள் போனபோது இருளாயி மட்டும் கொட்டகைக்கு வெளியே வந்தாள். பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

"மிஸ், நீங்க வேணாம்னு யாரும் சொல்லல. அத மொதல்ல மனசுல வச்சுக்குங்க" என்றாள்.

முடிவு என்னவென்று டோரதிக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"நீங்க இருக்கையில நாங்க என்ன செஞ்சாலும் உங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் செய்யுறோம். சாம்பாருக்குப் புளி விடுறதுக்குக்கூட. அன்னிக்கு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாரே, அவர் கேட்டதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும். ஆனா மிஸ் சொல்லுவாங்கன்னு நின்னுட்டேன். நீங்க அம்மை போட்டுப் படுத்திருந்தப்ப அதே ஆளு வந்தாரு. நான்தான் பேசினேன். ஒண்ணும் ஆகல, சாப்பிட்டுட்டுத்தான் போனாரு."

"நான் இனிமே எதுலயும் பேச மாட்டேன் இருளாயிக்கா. ஓரமா உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். அது போதும் எனக்கு."

இருளாயிக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பேசாம இருந்தாலும் நாங்க பாப்போம், மிஸ். பழகிப்போச்சு. நீங்க போனாத்தான் இது எங்களுக்கு வந்துருச்சா இல்லியான்னு எங்களுக்கே தெரியும்."

உள்ளே யாரோ அரிசி களைகிற சத்தம் கேட்டது. டோரதி, சரிக்கா, நீங்கள் சொல்வது சரிதான் என்றாள். உண்மையிலேயே சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. அது வலியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. உள்ளே போய் எல்லாரிடமும் சிரித்துப் பேசி, பாக்கியமேரியின் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினாள். பாக்கியமேரி அழுதாள். பஸ் ஸ்டாப்பில் பொன்மலை பஸ்ஸை விட்டுவிட்டு, வந்த வேறு பஸ்ஸில் ஏறி, மாறி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்தில் போய் இறங்கினாள். படித்துறையில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆறு நிறையத் தண்ணீர். பொழுது சாய்கிற வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எடமலைப்பட்டி புதூர் அப்பளம் மலைக்கோட்டைக் கடைவீதி வரைக்கும் போயிற்று. திருவெறும்பூரில் இட்லிக் கடை, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அரிசிமாவு, முறுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தொடங்கிவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது, எங்கே கெட்டுப்போகும், எப்போது விலகவேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று மற்ற ஊர்ச் சங்கங்களிலிருந்துகூட வந்து கேட்டுப் போனார்கள். வாரம் ஒரு தடவைக்கு மேல் எங்கேயும் போவதில்லை. அடுப்படிக்குள் காலெடுத்து வைப்பதில்லை, கத்தியைக் கையால் தொடுவதில்லை. தொட்டால் விடமாட்டாள் என்று அவளுக்கே பயம். இரண்டு வருஷம் முடிந்ததும் மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவைப்பார்கள். அந்தப் போட்டோக்களில் நடுவில் நிற்கிற அவளுடைய சேலை மட்டும் கசங்காமல் இருக்கும்.

அண்ணன் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போனபோது, டோரதி கூடப் போகவில்லை. எடமலைப்பட்டி புதூரிலேயே ஓர் அறையும் சமையல் மூலையுமாக வாடகைக்குப் பிடித்தாள். முதன்முதலாக அவளுக்கென்று ஓர் அடுப்பு, பம்ப் ஸ்டவ். ஆனால் ஒருத்திக்குச் சமைக்க அவளுக்கு வரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் நாலு பேருக்கு வந்து நின்றது. பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாள். அவர்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள், மறுநாள் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்சு வைத்துவிட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், இப்போது அங்கே யார் அடுப்பில் இருப்பார்கள் என்ற நினைப்பு வரும். ராக்கம்மாள் பேசுகிற சத்தம் காதில் விழுகிற மாதிரி இருக்கும். அரியமங்கலம் போகிற பஸ் தெருமுனையில்தான் நிற்கிறது. ஏறினால் அரைமணி நேரம். அவள் ஏறவில்லை. போனால் விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி முதல் பந்தியில் இலை போட்டு, அப்பளம் ஒன்று கூடுதலாக வைப்பார்கள். அதை அவளால் தாங்கமுடியாது.

எண்பத்தாறு மார்கழியில் ஒருநாள் பாக்கியமேரி அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். உடம்பு போட்டிருந்தாள், பேச்சில் ஒரு அதிகாரம் வந்திருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டோரம் பந்தல் போட்டுக் கடை வைக்கப்போகிறார்களாம். கிராமத்துச் சனங்கள் வண்டி வண்டியாக வருவார்கள். ஏகாதசியன்று விரதக்காரர்களுக்கு ரவை உப்புமாவும் சுண்டலும், மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகச் சாப்பாடு. வெங்காயம் பூண்டு எதுவும் கிடையாது. எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

"கை பத்தல மிஸ். இருளாயிக்கா உங்களக் கேக்கச் சொன்னாங்க. வேலை செய்யத்தான் கூப்பிடுறோம். வருவீங்களா?"

டோரதி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், சொம்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அவள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பந்தலுக்குள் நுழைந்தபோது இருளாயி தலை முழுக்க நரைத்து, மூக்குத்தி மட்டும் அப்படியே இருக்க, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். நலம் விசாரித்தாள். உடனே, அந்த வாணலியைப் பார்த்துக்குங்க, ரவை அடிப்பிடிக்குது என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டோரதி கரண்டியை எடுத்தாள்.

சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்த கூட்டம் காலையில் ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியது. பந்தலுக்கு முன்னால் நிற்க இடமில்லை. மண்டை காய்ந்துபோகிற சூட்டில் டோரதி கிண்டிக்கொண்டே இருந்தாள். வெளியூர்க் கிழவி ஒருத்தி தொன்னையை நீட்டி, ஏம்மா, இன்னும் கொஞ்சம் வையேன் என்று அவளை அதட்டினாள். வைத்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. ஒருத்தி அவளை, எக்கா, நவுந்துக்க, சுண்டலை இறக்கணும் என்று தோளில் தள்ளினாள். டோரதி நகர்ந்துகொண்டாள். பெரிய வாணலி ஒன்று ஓட்டை விட்டபோதும், தண்ணீர் லாரி வராமல் போனபோதும் பெண்கள் இருளாயியைத்தான் பார்த்தார்கள். இருளாயி பாக்கியமேரியைப் பார்த்தாள். பாக்கியமேரி ஓடிப்போய் ஏற்பாடு செய்தாள். டோரதி பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. அவளுக்கு அது இதமாகவும் இருந்தது, எங்கேயோ தைக்கவும் செய்தது.

துவாதசிச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் எல்லாரும் ஆற்றில் பாத்திரம் துலக்கினார்கள். டோரதி முழங்கால் வரை தண்ணீரில் நின்று அண்டாவைத் தேய்த்தாள். பக்கத்தில் இருளாயி.

"இங்கயே இருந்துட மாட்டமான்னு இருக்கு இருளாயிக்கா" என்றாள் டோரதி. வேறு எதையும் கேட்கவில்லை.

"தெரியும் மிஸ்" என்றாள் இருளாயி. கையிலிருந்த தேங்காய் நாரைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "அன்னிக்குச் சொன்னதுக்கு அப்புறம் எனக்கும் ரொம்ப நாள் சோறு எறங்கல. ஆனா சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு இந்தப் பந்தல் இல்ல" என்றாள்.

டோரதி அண்டாவைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். அடுத்த வருஷமும் வரச்சொல்லி இருளாயி கேட்டாள். வருகிறேன் என்றாள். சாமான்களை வேனில் ஏற்றிப் பெண்கள் மேலே ஏறி உட்கார்ந்தபோது, எடமலைப்பட்டி புதூர் முனையில் இறக்கிவிடுகிறோம் வாங்க என்று பாக்கியமேரி கூப்பிட்டாள். வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள் டோரதி. அண்டாக்களுக்கு நடுவில் அவர்களோடு உட்கார்ந்துவிட்டால் முனையில் இறங்க மனசு வருமா என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை அவள் லால்குடிப் பக்கம் ஒரு புதுக் குழுவுக்குப் போகவேண்டியிருந்தது. கம்பு, கேழ்வரகுக் கூழ் விற்கக் கிளம்பியிருந்த பெண்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது அடுப்பைப் பற்றவைத்து, ஒருத்திமேல் ஒருத்தி குறை சொல்லிக்கொண்டு, மாவைக் கட்டி தட்டாமல் கரைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். சின்னவள் ஒருத்தி ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, வேப்பமரத்தடியில் போட்டாள்.

"இங்க உக்காருங்க மிஸ். அங்க புகை வரும்."

டோரதி உட்கார்ந்தாள். முதலில் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவிட்டு மாவைக் கரைக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தாள்.